எழுத்துக்கு ஐயாயிரம்

மௌமெரேயில் மழை விட்ட மூன்றாம் நாள்
ஏணியும் இரண்டு டப்பா நீலமுமாக
அந்தப் பள்ளிக்குப் போனேன்.
வாசல் சுவரில், ஒன்றின்கீழ் ஒன்றாக, ஐந்து சொற்கள் வேண்டுமாம்.
ஆயர் வருகிறார். வெள்ளிக்கிழமைக்குள் காய வேண்டும்.

சிஸ்டர் யோவிதா தாளை நீட்டினார்.
விலை சொன்னேன்: எழுத்துக்கு ஐயாயிரம் ரூபியா.
விசுவாசம் எங்கள் மொழியில் இமான்;
நான்கெழுத்து, மலிவு.
அன்பு ஐந்து.
நேர்மைக்கு ஒன்பது, சேவைக்கும் ஒன்பது.
மன்னிப்புதான் விலை கூடியது:
பெங்அம்புனான், பதினோரெழுத்து.
அவர் பேரம் பேசவில்லை.
என்னை அடையாளமும் தெரியவில்லை;
நான் இங்கே படித்த காலத்தில் அவர்
வேறொரு தீவில் யாரோ ஒருவரின் மகள்.

எட்டாம் வகுப்பு வரை இந்தச் சுவருக்குள் இருந்தேன்.
இயற்பியல் அறையின் செப்புக் கம்பியை
இடுப்பில் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தவன் நான்.
சட்டைக்குள் அது சில்லிட்டது இன்னும் நினைவிருக்கிறது.
பழைய இரும்புக் கடையில் போட்டேன்.
அப்பாவின் படகு எஞ்சினுக்கு ஒரு ஸ்பார்க் பிளக்,
மிச்சத்துக்கு வாழைப்பழப் பொரியல்.
அதையும் சொல்லிவிடுகிறேன்,
இல்லாவிட்டால் கதை ரொம்பப் புனிதமாகிவிடும்.

யார் என்று கேட்டபோது நான்தான் என்றேன்.
நேர்மை, ஒன்பதெழுத்து.
கிளெமென்ஸ் வாத்தியார் பிரம்பை எடுத்தார்.
அடி விழும்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு
வாயில் வருவது ஒரே சொல்:
அம்புன். அம்புன் ஐயா, அம்புன்.
எத்தனை முறை கத்தினேனோ.
அப்போது எழுத்துக்கு விலை போடத் தெரியாது.

அனுப்பும்போது சீருடையை வாங்கிக்கொண்டார்கள்,
நூலகப் புத்தகத்தை,
சட்டைப்பையில் குத்தியிருந்த சின்னத்தை.
பிரதர் ஓதிலோ கோடு போட்ட தாளில் பழக்கிய
கையெழுத்தைத் திருப்பிக் கேட்க மறந்துவிட்டார்கள்.
அதை வைத்துத்தான் இருபத்தாறு வருடமாகச் சாப்பாடு:
மீன்கடை, டயர்கடை, கல்லறைச் சிலுவை, தேர்தல்.

ஏணி பிடிக்க இருவர் வந்தார்கள்.
அதெயோதாத்துஸ், கால்சட்டையில் சாக்குத்தூள்.
நூர்ஹஸ்னா, வெள்ளை முக்காடு,
வூரிங்கில் கடல்மேல் கால் ஊன்றிய வீடுகளின் பெண்.
அவளுக்கு நோன்பு மாதம்.
அவன் பையில் அவித்த மரவள்ளி.
பதினொரு மணிக்கு நழுவினான்;
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்த் தின்றுவிட்டு
வாயை நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தான்.
யாரும் அவனிடம் சொல்லவில்லை.
ஐந்தில் இது எந்தச் சொல் என்று மேலே நின்று யோசித்தேன்.
ஏணி ஆடியது. திட்டினேன்.

நீலம் கலக்கக் குச்சி கேட்டதற்குப்
பண்டக அறையிலிருந்து அவன் எடுத்து வந்தது பிரம்பு.
நுனி பிளந்திருந்தது.
அதேதானா? பிரம்புக்கு முகம் கிடையாது.
“இப்ப யாரும் அடிக்கிறதில்ல,” என்றாள் நூர்ஹஸ்னா,
“முறைப்பாங்க, அவ்வளவுதான்.”
கலக்கினேன். முழ நீளத்துக்கு நீலமானது.

கடைசிச் சொல்லுக்குச் சுவர் போதவில்லை.
அளந்துதான் ஆரம்பித்தேன்,
மழைநீர்க் குழாயை மறந்துவிட்டேன்.
“சின்னதா எழுதுங்க,” என்றான் அவன்.
“கீழ்வரிக்குக் கொண்டுபோங்க,” என்றாள் அவள்.
மன்னிப்பைச் சின்னதாக எழுத மனம் வரவில்லை,
அல்லது இன்னொரு தூரிகை நனைக்கச் சோம்பல்.
பெங் என்று குழாயருகே நிறுத்தி ஒரு சிறு கோடு.
மிச்சத்தைத் தரையோரம், முட்டி போட்டு.

அம்புன் வரை வந்து கை நின்றது.
முடிந்துவிட்டதென்று நினைத்து
பின்னாலிருந்து இருவரும் உரக்கப் படித்தார்கள்,
அடி வாங்குகிறவனைப் போல நீட்டி, நடித்து, சிரித்து.
இன்னும் இரண்டெழுத்து இருக்கிறது என்றேன்.
என் குரல் எனக்கே கொஞ்சம் பழசாகக் கேட்டது.

பிரம்பைக் குழாயோரம் காயச் சாய்த்துவிட்டு
ரசீது எழுதினேன்.
முப்பத்தெட்டு எழுத்து,
ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம்.
பெயர்: வில்லிப்ரோர்துஸ் லேரிங்.
சிஸ்டர் மறுபடி எண்ணிப் பார்த்தார்.
குழாயருகே விரலை நீட்டி,
“இதைச் சேர்க்கலையே?” என்றார்.

கோட்டுக்குக் காசில்லை என்றேன்.